எழுந்திருக்க மறந்த ஜனாதிபதி

ஒரு மனிதர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் அவரோடு சண்டையாவது போடலாம். செனட்டர் லூசியஸ் டான்ட்ரிஜ் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார். ரோஜாப் பூக்களோடு வருவார்.

அவரைச் சுரங்க மசோதா பற்றிப் பேச வரும்படி ஜனாதிபதி எத்தனையோ முறை அழைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நேரம் தவறாமல் வருவார். தன் தோட்டத்து ரோஜாவை நீட்டுவார். நாற்காலியில் உட்காராமல், தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டு, “நேத்து சரியாத் தூங்கினீங்களா அம்மணி? கண்ணெல்லாம் களைச்சுக் கிடக்கே” என்பார். ஜனாதிபதி மசோதாவை எடுத்தால், பெண்களோடு தர்க்கம் பண்ணும்படி தன் தாயார் தன்னை வளர்க்கவில்லை என்பார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விடுவார். நான் பூக்களைத் தண்ணீரில் போட்டு வைப்பேன். அந்த வசந்தகாலம் முழுவதும் எங்கள் அலுவலகத்தில் ரோஜாவுக்குப் பஞ்சமே இல்லை. குப்பைக்கூடையில் கொட்டலாம் போல இருக்கும் எனக்கு.

என் பெயர் ஆர்லீன் பிக்கெட். ஜனாதிபதி வினிஃப்ரெட் காலவேயின் காரியதரிசி. இருவருக்கும் ஒரே ஊர். கென்டக்கி மலைகளுக்கு நடுவே, கோல்டர் ஃபோர்க் என்ற நிலக்கரி ஊர். அங்கே நான்காம் நம்பர் சுரங்கம் வெடித்தபோது என் அப்பா உள்ளே இருந்தார். இப்போது அதே சுரங்கத்தில் என் தம்பி எல்பர்ட் இறங்குகிறான். ஊரில் வேறு வேலை ஏது?

மசோதா பெரிய வேதாந்தம் எதுவும் இல்லை. அதுவரை இருந்த சட்டப்படி ஆய்வாளர் சுரங்கத்துக்குள் போகலாம், வெடிக்கும் வாயு இருக்கிறதா என்று பார்க்கலாம், இருந்தால் எழுதி வைக்கலாம். சுரங்கத்தை மூடச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. கம்பெனிக்காரர்கள் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைப்பார்கள். மூடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுப்பதுதான் புது மசோதா. அது டான்ட்ரிஜ் தலைவராக இருந்த செனட் கமிட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. தலைவர் கூட்டம் போட்டால்தான் கமிட்டி கூடும். கோடையில் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் கலைவதற்குள் கூடாவிட்டால் மசோதா செத்தது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது இதுதான். இங்கே சாமி ஒரு பெண் வேறு.

வினிஃப்ரெட் எப்படி ஜனாதிபதி ஆனார் என்று கேட்டால், மறதியால் என்று அவருடைய கட்சிக்காரர்களே சொல்வார்கள். அவர் கணவர் காங்கிரஸ் என்ற எங்கள் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து இறந்தபோது, அடுத்த ஆண்பிள்ளை கிடைக்கும்வரை நாற்காலி சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று இவரை உட்கார வைத்தார்கள். இவர் அதை விட்டு இறங்கவில்லை. பிறகு ஐம்பத்திரண்டில் சிகாகோவில் கட்சி மாநாடு நடந்தது. துணை ஜனாதிபதி பதவிக்கு மரியாதைக்காக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். பெயரைச் சொல்வார்கள், பேண்டு வாசிப்பார்கள், அந்தப் பெண் மேடையேறி நன்றி சொல்லி, ‘நான் விலகிக்கொள்கிறேன்’ என்று சொல்லி இறங்க வேண்டும். நாடு முழுவதும் இருக்கிற பெண்களின் மனம் குளிர்ந்துவிடுமாம். வினிஃப்ரெட் மேடையேறினார், நன்றி சொன்னார், இறங்கி வந்துவிட்டார். விலகுகிறேன் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டது என்று தலைவர்கள் சிரித்தார்கள். அப்போது பதவிக்கு மோதிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மனிதர்களும், தனக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவனுக்குக் கிடைக்கக்கூடாது என்று தங்கள் ஆட்களை இவருக்கு ஓட்டுப் போடச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்குமே நினைப்பு. அடுத்த சுற்றே இல்லாமல் போய்விட்டது.

துணை ஜனாதிபதி என்றால் என்ன, பாலம் திறக்கிற வேலைதானே என்று சமாதானப்படுத்திக்கொண்டார்கள். ஐம்பத்துநாலு மார்ச்சில் ஜனாதிபதி ஹாலோவெல் மாரடைப்பால் போய்ச் சேர்ந்தார். அன்று வினிஃப்ரெட் பிரமாணம் எடுத்துக்கொண்ட அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. துக்கம் பாதி, பயம் பாதி.

மறுநாள் நிருபர்கள் கேட்ட முதல் கேள்வி, வெள்ளை மாளிகையில் இனி யார் சமைப்பார்கள் என்பது. அங்கே எத்தனை சமையல்காரர்கள் என்று அந்த முட்டாள்களுக்குத் தெரியாதா?

விருந்துகள்தான் பெரிய தலைவலி. எங்கள் நாட்டுப் பெரிய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் வீட்டுக்கார அம்மாள் எழுந்திருப்பார். பெண்கள் எல்லோரும் அவர் பின்னால் எழுந்து வேறு அறைக்குக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஆண்கள் சுருட்டும் பிராந்தியுமாக உட்காருவார்கள். நாட்டின் காரியங்களில் பாதி அந்தச் சுருட்டுப் புகையில்தான் முடிவாகும். இப்போது வீட்டுக்கார அம்மாளும் இவர், ஜனாதிபதியும் இவர். எங்கே போவது? சடங்கு முறைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஓக்டன் ஃபிஸ்க் நாள்கணக்காகப் புத்தகங்களைப் புரட்டினார். ஒரு பெண் பெண்களோடு போவதுதான் யாருக்கும் சங்கடமில்லாத வழி என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல் விருந்தில் வினிஃப்ரெட் அப்படியே செய்தார். பெண்கள் காபி குடிக்கப் போன சிவப்பு அறையில் திரைச்சீலைத் துணி பற்றிப் பேச்சு ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களின் சிரிப்பு. மறுநாள் காலை அவருடைய அமைச்சரவையைச் சேர்ந்த ஒருவரே வந்து, சுரங்க மசோதாவை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று எல்லோரும் பேசி முடித்துவிட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார். நாட்டின் ஜனாதிபதி திரைச்சீலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் அவருடைய மசோதாவுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். அந்த மனிதர் போனதும் வினிஃப்ரெட் என்னைப் பார்த்து, “என் வீட்லயே என்னைக் கேக்காம முடிவு பண்றாங்க ஆர்லீன்” என்றார்.

அடுத்த விருந்தில் பெண்களை அனுப்பிவிட்டு அவர் ஆண்களோடு தங்கினார். ஃபிஸ்க்கின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே நடந்ததைப் பிறகு வினிஃப்ரெட் சொன்னார். பெண்ணின் எதிரில் புகைப்பது மரியாதையில்லை என்று டான்ட்ரிஜ் தன் சுருட்டை அணைத்தாராம். அவரைப் பார்த்து எல்லோரும் அணைத்தார்களாம். யாரோ ஒருவர் தன் வேட்டைநாயின் வயிற்றுவலியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிட்டது. போகும்போது ஒவ்வொருவரும் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்களோடு போனால் விஷயம் பக்கத்து அறையில், ஆண்களோடு இருந்தால் விஷயம் நாயின் வயிற்றில். கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இவர்களிடம் முடியாது.

ஜூலை வந்தது. இரண்டு அவைகளும் கலைய இன்னும் சில நாட்கள்தான். ஒரு நாள் எல்பர்ட் மளிகைக்கடையிலிருந்து போன் பண்ணினான். அவன் சாமானியமாகப் போன் பண்ணுகிறவன் இல்லை.

“இடது பக்கக் குடைவுல விளக்குத் தீ நீலமா எரியுது ஆர்லீன். ஆய்வாளர் வந்து பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நாங்க வழக்கம்போல இறங்கிட்டுத்தான் இருக்கோம்.”

விளக்குத் தீ நீலமாக எரிந்தால் வெடிக்கும் வாயு சேர்ந்துவிட்டது என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்பா போவதற்கு முந்தின வாரம் வீட்டில் அதைத்தான் சொன்னார். இறங்காதே என்றேன். இறங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள், வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள், கம்பெனி வீடுதானே என்றான். நான் போனை வைத்துவிட்டு நேரே ஜனாதிபதியின் அறைக்குப் போனேன். பிரமாணம் எடுத்த நாளிலிருந்து அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்றைக்கு மறந்து “வின்னி” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை விருந்துக்கு டான்ட்ரிஜைத் தன் வலப்பக்கம் உட்காரவைக்கும்படி ஃபிஸ்க்கிடம் சொல்லச் சொன்னார்.

அந்த விருந்தில் கடைசி நேரத்தில் யாரோ வரவில்லை. மேஜையில் பதின்மூன்று பேர் ஆகிவிட்டார்கள். பதின்மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருவருக்கு ஆகாது என்று பெரிய மனிதர்களும் நம்புவார்கள். அதனால் ஃபிஸ்க் என்னை இழுத்துவந்து கோடியில் உட்காரவைத்தார். கடன் வாங்கிய கவுனோடு நான் பதினாலாவது ஆள்.

வெயில் தாழ்ந்தும் புழுக்கம் தாங்கவில்லை. சூப், பன்றித்தொடை, பிறகு பீச் ஐஸ்கிரீம். டான்ட்ரிஜ் பன்றித்தொடையைப் புகழ்ந்தார், ஐஸ்கிரீமைப் புகழ்ந்தார், ஜனாதிபதியின் காதணியையும் புகழ்ந்தார். வினிஃப்ரெட் அவரை விழுந்து விழுந்து உபசரித்தார். கிளாஸ் காலியாகும் முன்பே, “செனட்டருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊத்துங்க” என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐஸ் போட்ட டீ. ஒரு பெண் கையைக் காட்டி உபசரிக்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவருடைய தாயார் கற்றுக்கொடுக்கவில்லையே. குடித்தார்.

ஐஸ்கிரீம் கிண்ணங்கள் போயின. பெண்கள் கைக்குட்டைகளையும் கைப்பைகளையும் எடுத்துக்கொண்டு ஜனாதிபதியைப் பார்த்தார்கள். அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். அவர் எழவில்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுமா என்று டான்ட்ரிஜைக் கேட்டார்.

“அதெல்லாம் எதுக்கு அம்மணி இப்ப? நீங்க எந்திரிச்சா பொம்பளைங்க காபி குடிப்பாங்க. நாங்க சுருட்டுப் பிடிக்கிறப்போ அதைப் பத்திப் பேசிக்கிறோம்.”

“இங்கேயே பேசலாம் செனட்டரே. எனக்கு அவசரம் இல்ல.”

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தும் வினிஃப்ரெட் உட்கார்ந்தே இருந்தார். கதவருகில் ஃபிஸ்க் இருமினார், புருவத்தை ஏற்றினார், மறுபடி இருமினார். வினிஃப்ரெட் எங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நீலத் தீயைப் பற்றிச் சொன்னார். வெடித்த நாளில் சுரங்க வாசலில் காத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பற்றிச் சொன்னார். அதில் என் அம்மாவும் ஒருத்தி. நான் தட்டில்லாத மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்து, செவ்வாய்க்கிழமை கூடுமா என்று மறுபடி கேட்டார்.

டான்ட்ரிஜின் நெற்றி வியர்த்திருந்தது. வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார். அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த வயது ஆண்கள் அவ்வளவு டீயை வயிற்றில் வைத்துக்கொண்டு அதிக நேரம் உட்கார முடியாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் எழுந்துபோக ஜனாதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏன் என்று ஒரு பெண்ணிடம், அதுவும் பெண்கள் நிறைந்த மேஜையில், எப்படிச் சொல்வது? அவர் கட்டிக் காத்த மரியாதையே அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டது.

எதிரே அவர் மனைவி யூஜீனியா உட்கார்ந்திருந்தார். ‘எனக்கு மயக்கமா இருக்கு’ என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோருக்கும் விடுதலை. மேஜை முழுவதும் அதற்காகவே அவரைப் பார்த்தது. கணவர் பார்த்த பார்வை கெஞ்சலேதான். யூஜீனியா எழுவதற்காக மடித்து மேஜைமேல் வைத்திருந்த கைதுடைக்கும் துணியை எடுத்து, விரித்து, மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். அவருக்கு அடுத்திருந்தவர் கைப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் இன்னொருவர் வைத்தார்.

“பதிலச் சொல்லிடுங்க லூசியஸ்,” என்றார் யூஜீனியா. “முக்கியமான பேச்சு வரப்பல்லாம் நான் எந்திரிச்சுப் போயிருக்கேன். இன்னிக்காவது முடிவைக் கேட்டுட்டுப் போறேன்.”

டான்ட்ரிஜ் மனைவியைப் பார்த்தபடி, செவ்வாய்க்கிழமை கமிட்டியைக் கூட்டுவதாகச் சொன்னார்.

“ஓட்டெடுப்பு?” என்றார் வினிஃப்ரெட்.

“ஓட்டெடுப்பும்.”

“இத்தனை பேர் முன்னால சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்ன சொல் மாறாதவர்னு எல்லாருக்கும் தெரியும்.”

வினிஃப்ரெட் எழுந்தார். அந்த வீட்டில் பெண்களை முந்திக்கொண்டு ஓர் ஆண் கதவைத் தாண்டி ஓடியது அன்றைக்குத்தான் முதல்முறையாக இருக்கும்.

அந்தச் சந்தோஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை நீடித்தது. ஞாயிறு பத்திரிகையில், ஜனாதிபதி விருந்தில் எழுந்திருக்க மறந்துவிட்டார் என்று ஒரு பத்தி. தனியாக வாழும் பெண், பாவம், பேச்சுத்துணை கிடைத்ததும் நேரம் போனது தெரியவில்லை என்று டான்ட்ரிஜே பரிதாபப்பட்டிருந்தார். விருந்தில் எப்போது எழ வேண்டும் என்று ஜனாதிபதிக்கு ஒருவர் யோசனைகள் வேறு எழுதியிருந்தார். அதை நான் கிழித்துப் போட்டேன்.

செனட்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை நான் மறுக்கமாட்டேன். மசோதா செவ்வாய்க்கிழமை கமிட்டியை விட்டு வெளியே வந்தது. இரண்டு அவைகளும் கலைவதற்குள் நிறைவேறியது. வரும்போதே அதற்கு ‘டான்ட்ரிஜ் சட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும் நாளன்று அவர் நடுவில் நின்றார். கையெழுத்துப் போட்ட பேனாவை வாங்கிக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். மறுநாள் பத்திரிகையில் வினிஃப்ரெட்டின் கையும் தொப்பியில் பாதியும்தான் இருந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. இதைக் கேட்க வேண்டாமா, நிருபர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டாமா என்று அவரிடம் சத்தம் போட்டேன்.

“என்னன்னு சொல்றது? ஒரு வயசான மனுஷரை பாத்ரூம் போக விடலன்னா? பேர் யாருதா இருந்தா என்ன ஆர்லீன், சுரங்கத்தைப் பூட்டினாப் போதும்” என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து, தலை நிமிராமலே, “மறந்துட்டேனாமே” என்றார். அவருக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

செப்டம்பரில் ஆய்வாளர் கோல்டர் ஃபோர்க்குக்குப் போனார். இந்த முறை அவர் காபி குடிக்கவில்லை. நான்காம் நம்பரைப் பூட்டினார். காற்றுப் போக்குக்கு வழி செய்து, விளக்குத் தீ மஞ்சளாக எரிந்த பிறகுதான் திறக்கவிட்டார்.

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு நான் ஊருக்குப் போனேன். எல்பர்ட் வாசலுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நகக்கண்ணில் கரியோடு, முழுசாக, உயிரோடு. அவனைப் பார்த்ததில் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. உள்ளே போனால், அடுப்புக்கு மேலே சுவரில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம். டான்ட்ரிஜ் பேனாவோடு சிரிக்கிறார். ஓரத்தில் வினிஃப்ரெட்டின் கையைக்கூட விட்டுவைக்காமல் கத்தரித்திருந்தார்கள்.

எல்பர்ட்டின் மனைவி ஓப்பல் வான்கோழியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஜெபம் சொல்லும்போது எல்பர்ட் செனட்டருக்கும் சேர்த்து நன்றி சொன்னான். கடைசியில் பூசணி இனிப்பும் முடிந்தது. எல்பர்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளி, புகைக்குழாயைப் பற்றவைத்தான்.

“தெற்கத்திப் பெரிய மனுஷன், நம்ம கஷ்டம் தெரிஞ்சு சட்டம் கொண்டாந்தாரு பாரு. நம்ம ஊரு அம்மா என்ன பண்ணிச்சு? சாப்பாட்டு மேஜையில எந்திரிக்க மறந்துச்சாம்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த தேர்தலில் அந்த அம்மாள் மறுபடி நிற்குமா, நின்றால் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று பேச்சு தொடங்கியது. ஓப்பல் எழுந்து தட்டுகளை அடுக்கினாள். வழக்கப்படி நானும் எழுந்து கூடப் போக வேண்டும். பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் இவர்கள் இங்கே உட்கார்ந்து தேர்தலையே முடித்துவிடுவார்கள். நான் எழவில்லை. ஓப்பல் தட்டுகளோடு நின்று என்னைப் பார்த்தாள்.

“என்ன ஆர்லீன்,” என்றான் எல்பர்ட், புகையை விட்டுக்கொண்டே. “அந்தம்மாகிட்ட வேலை பாத்துப் பாத்து நீயும் எந்திரிக்க மறந்துட்டியா?”

“மறக்கல,” என்றேன். “அவங்களும் மறக்கல. உக்காரு ஓப்பல், சொல்றேன்.”

ஓப்பல் அடுக்கிய தட்டுகளை மறுபடியும் மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.